புழுங்கலரிசியைச் சொல்லாத ஆதரவுக் கட்டுரை

கட்டுரை முழுக்க அந்த அம்மாளைப் புகழ்ந்துதான் எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். திட்டி எழுதியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். திட்டுகிறவனுக்குச் சொல்ல ஒரு விஷயமாவது இருக்கும்.

யுத்தம் முடிந்து, ரேஷன் மட்டும் முடியாமல் இருந்த காலம். சிகந்தராபாத்தை ஒட்டிய லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் நியமனம், லீவு, தண்டனை, ஓய்வு ஆகியவற்றைக் கவனிக்கும் பிரிவில் நான் தலைமை குமாஸ்தா. ஒரு மனிதனை வேலைக்கு எடுப்பதிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது வரை என்னென்ன படிகள் உண்டோ அத்தனையும் எனக்கு மனப்பாடம். எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்தின் விதிகளை வரைந்தவனும் நான்தான். விதிகளை வரைந்தவனைச் சங்கங்கள் நிர்வாகத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஆண்டு விழாவில் சந்தனம் கொடுத்து, ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த ஓரத்து நாற்காலியிலிருந்துதான் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

கட்டுரை எழுதியவர் சங்கத்தின் காரியதரிசி. ஆபீசில் எனக்கு அடுத்த மேஜை. திருநெல்வேலிச் சீமைக்காரர். நானும் அவரும் ஒரே வருஷம் வேலையில் சேர்ந்து, ஒரே வருஷம் தலைமை குமாஸ்தா ஆனவர்கள். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் இருக்காது.

சங்கத்துக்கென்று ரயில்வே கொடுத்திருந்தது ஒரு பழைய சாமான் கொட்டகை. அதையே படிப்பகம் என்போம். அதில் ஒரு நீள மேஜை, ஒரு நாள் பழசாகி ரயிலில் வந்து சேரும் மதராஸ் தினசரி, சுவரில் ஒரு பலகை. அந்தப் பலகையில் மாதாமாதம் உறுப்பினர்கள் கையால் எழுதிய கதை, கவிதை, கட்டுரைகளைக் குண்டூசியில் குத்தி வைப்போம். அதுதான் எங்கள் பத்திரிகை. அந்த மாதம் அங்கே குத்தப்பட்டிருந்த கட்டுரையின் தலைப்பு, 'பெண்குலத்தின் பெருமையும் நம் சங்கத்தின் தலைமையும்'. தலைவர் தேர்தலுக்கு நிற்கப்போகும் டீச்சரம்மாவுக்கு ஆதரவு தெரிவித்து, காரியதரிசி தம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

டீச்சரம்மா யார் என்று சொல்ல வேண்டும். காலனிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு எடுத்தவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் முசி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹைதராபாத் நகரத்துக்குள். சர்க்கார் பெண்கள் பள்ளியில் உருதுவில் படித்தவர். உருது எழுதவும் படிக்கவும் தெரியும்; அதைவிட உபயோகமாக, அதில் வாதாடவும் தெரியும். கணவர் வேலூர்ப் பக்கம். ஒர்க்ஷாப்பில் பாய்லர் மேக்கர். வருஷக்கணக்காக பாய்லருக்குள் உட்கார்ந்து ரிவெட் அடித்ததில் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியையும் அவர் பெரிதாக உபயோகிப்பதில்லை.

யுத்த காலத்தில் ரேஷன் கடையில் சோளமும் பச்சரிசியும்தான் போட்டார்கள். எங்கள் ஜனங்கள் ஆற்காடு, திருச்சி, திருநெல்வேலி என்று வந்தவர்கள். புழுங்கலரிசிச் சோற்றுக்குப் பழகிய வயிறு. காலையில் பழைய சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய், பகலெல்லாம் பழுக்கக் காய்ந்த இரும்பை அடிக்கிறவர்கள். பச்சரிசியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியும்போது பசையாகி நிற்கும். சுவரொட்டி ஒட்டலாம், சாப்பிட முடியாது. காலனியில் இதைப் பற்றிப் புலம்பாத வீடு இல்லை. ரேஷன் ஆபீசுக்குப் போய் யார் கேட்பது என்று பேச்சு வந்தபோது மட்டும், ஆண்களில் ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. லீவு மனு என் மேஜைக்குத்தான் வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை.

டீச்சரம்மா போனார். கூட நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஒரு தூக்கில் அந்தப் பசைச் சோற்றையும் எடுத்துக்கொண்டு போய், அதிகாரியின் மேஜைமேல் வைத்துத் திறந்து காட்டியதாகச் சொல்வார்கள். உருதுவில் தாமே தர்காஸ்து எழுதிக் கொடுத்தார். மனுவுக்கு இங்கே அதுதான் பெயர். இரண்டு மூன்று முறை அலைந்த பின், காலனி ரேஷன் கடையில் புழுங்கலரிசிக்கென்று தனி ஜன்னல் திறந்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் அதிகாரி மாறினார். தனி ஜன்னலை மூடப்போவதாகக் கடையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். டீச்சரம்மா மறுபடியும் போனார். புது அதிகாரி மரியாதையாக உட்கார வைத்து, மரியாதையாகக் கேட்டாராம்: நீங்கள் பள்ளிக்கூட உஸ்தானி, எந்த முறையில் வந்திருக்கிறீர்கள்? உங்கள் சங்கத்தின் சதர் கையெழுத்தோடு தர்காஸ்து வரட்டும், சதரே நேரில் வரட்டும். உஸ்தானி என்றால் டீச்சர், சதர் என்றால் தலைவர்.

அப்போதைய தலைவர் ஓய்வு பெற்ற ஃபோர்மன், பெரியவர். அவர் போனார். உருது தெரியாது. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தார்கள், குடித்தார். திரும்பி வந்து, "ரொம்ப மரியாதையான மனுஷங்கப்பா" என்று நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை கொடுத்தார். ஜன்னல் மூடுகிற நோட்டீஸ் கடையில் அப்படியே இருந்தது.

மறுநாள் டீச்சரம்மா படிப்பகத்துக்கு வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்த வருஷம் தலைவர் எலக்ஷனுக்கு நான் நிக்கறேன். தலைவர் கையெழுத்துதான் வேணும்னா, அது என் கையெழுத்தாவே இருக்கட்டும்."

காரணம் இவ்வளவு வெளிச்சமாக இருக்கும்போது, ஆதரித்து எழுதுகிறவன் எதை எழுத வேண்டும்? தலைவர் என்பவர் வெளியே போய்ப் பேச வேண்டியவர், கையெழுத்துப் போட வேண்டியவர், இந்த இரண்டும் இந்த அம்மாளுக்கு வரும், ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார் என்று எழுத வேண்டும். நாலு வரி போதும்.

காரியதரிசி மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதில் அரிசி என்ற சொல்லே இல்லை. நான் இரண்டு முறை தேடினேன். பெண் என்பவள் விளக்கு என்று இருந்தது. தாய் இருக்கும் இடத்தில் சண்டை இருக்காது, ஆகவே நம் பொதுக்கூட்டங்களிலும் நாற்காலி பறக்காது என்று இருந்தது. அவருடைய குரலின் இனிமை, நடையின் அடக்கம், நாளைக்கு இந்தத் தேசத்துக்கே ஒரு பெண் தலைவராக வருவாள் என்ற ஆரூடம், எல்லாம் இருந்தன. தேசம் காத்திருக்கும். ஜன்னல் மூடப்போகிறதே, அதற்கு என்ன வழி?

மூன்றாம் பக்கத்தில், 'அன்னாரின் கணவர் பெருந்தன்மையோடு இதற்கு அனுமதி அளித்துள்ளார்' என்று ஒரு வரி. அன்று சங்கு ஊதியதும் பாய்லர் ஷாப் வாசலில் நின்று அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"வீட்டுக்காரம்மா தலைவராக நீர் அனுமதி கொடுத்தீராமே?"

"இன்னாது?"

"அனுமதி! கொடுத்தீரா?"

"என்னை யாரு கேட்டா? அது எங்கிட்ட பர்மிஷன் கேட்டு எந்த வேலைய சார் பண்ணிச்சு? நீ வேற."

கட்டுரையின் விஷயம் கடைசிப் பத்தியில் இருந்தது. மென்மையே உருவான ஒரு பெண்மணியை ஆபீஸ் படியேறவும் மனுக்களில் ஒப்பமிடவும் விட்டு வருத்துவது தகாது. ஆகையால் தலைவரின் கையொப்ப அதிகாரமும் வெளி விவகாரங்களும் இனிக் காரியதரிசியையே சேரும் என்று விதியைத் திருத்திவிட வேண்டும். விளக்கு மேடையில் எரியட்டும், சுமையை நாங்கள் சுமக்கிறோம்.

எந்தக் கையெழுத்துக்காக அந்த அம்மாள் நிற்கிறாரோ, அந்தக் கையெழுத்தைப் பிடுங்கிக்கொண்டு, வெறும் நாற்காலியை அவருக்குக் கொடுக்கிற ஏற்பாடு. அதற்கு ஆதரவுக் கட்டுரை என்று பெயர். காரியதரிசிக்கு உருதுவில் தம் பெயரை வாசிக்கக்கூடத் தெரியாது. எதிர்த்து நின்றவன் முகத்துக்கு நேரே வந்திருப்பான். இவர் ஆரத்தித் தட்டோடு வந்து வாசலை அடைக்கிறார்.

அன்று மாலையே உட்கார்ந்து மறுப்பு எழுதினேன். வரிக்கு வரி எடுத்துப் போட்டேன். தலைமை என்பது அலங்காரமா என்று கேட்டேன். புழுங்கலரிசியைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். கையொப்பம் இல்லாத தலைவர் விதிகளின்படி தலைவரே அல்ல என்று பிரிவு வாரியாக நிறுவினேன். ஒழுங்கான காகிதத்தில் படியெடுத்து, மேலே 'பெண் தலைமை குறித்த கட்டுரைக்கு மறுப்பு' என்று கொட்டையாகத் தலைப்பிட்டு, அவருடைய கட்டுரைக்குப் பக்கத்திலேயே குத்தினேன்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் வழியில், ஒர்க்ஷாப்பில் டர்னராக இருந்த ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா குடுத்தீங்க சார்! பொம்பளைக்கு என்னாத்துக்கு தலைவர் வேலைன்னு கேக்க இந்தக் காலனில ஒரு ஆம்பளை இல்லியேன்னு நெனைச்சேன். நீங்க இருக்கீங்க!"

"நீர் அதைப் படித்தீரா?"

"தலைப்பு படிச்சேன் சார். மீதி நீட்டா இருந்துச்சு. மறுப்புன்னு போட்டிருக்கே, போதாதா?"

"உமக்குப் புழுங்கலரிசி வேண்டுமா, பச்சரிசி வேண்டுமா?"

"இதென்னா சார் கேள்வி? புழுங்கல்தான்."

"அதை வாங்கிக் கொடுத்தது யார்?"

"டீச்சரம்மாதான். அதுக்கு கையெடுத்துக் கும்புடறேன் சார். அதுக்குன்னு தலைவராக்கிடறதா?"

மத்தியானத்துக்குள் இப்படி ஏழெட்டுப் பேர் என்னைப் பாராட்டிவிட்டார்கள். பெண்களைப் பள்ளிக்கூடம் அனுப்புவதே தப்பு என்று சொல்கிற ஒருவர் எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் ஒரே நாளில் என்னோடு உடன்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அடுத்த மேஜையில் காரியதரிசி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னவே, இவ்வளவு படிச்ச மனுஷன், பெண்ணினத்து மேல உமக்கு ஏன்வே இந்தக் காழ்ப்பு?"

"காழ்ப்பா? கையெழுத்தைப் பிடுங்குகிறவர் நீரா, நானா?"

"பாரும், இதான் காழ்ப்பு. நான் ஒரு தாயோட பாரத்தைக் குறைக்கேன். நீரு அவங்களைப் போய் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கச் சொல்லுதீரு. நம்ம ரெண்டு பேர்ல பெண்களை மதிக்கிறவன் யாருன்னு ஊருக்குத் தெரியும்வே."

ஊருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இன்னொரு விளக்கம் எழுதுவதாக முடிவு செய்து, காகிதம் வாங்க சிகந்தராபாத் பக்கம் கிளம்பினேன். பள்ளிக்கூட வாசலில் டீச்சரம்மா என்னை நிறுத்தினார்.

"ரெண்டு பேர் எழுதினதையும் படிச்சேன் சார். அவரு என்னை விளக்குங்கறாரு. நீங்க விளக்கு இல்லேன்னு பிரிவு பிரிவா நிரூபிச்சிருக்கீங்க. ரெண்டு பேர்ல யாரு என்னை ஜாஸ்தி கெடுத்தீங்கன்னு எனக்குத் தெரியல."

"அம்மா, நான் உங்களை ஆதரித்துத்தான்..."

"ஹவ் சார், ஆமா, எனக்குத் தெரியுது. படிச்சவங்களுக்குத் தெரியலையே. எங்கே போறீங்க? காகிதம் வாங்கவா?"

"ஒரு சிறு விளக்கம்..."

"நக்கோ சார், நக்கோ! வேணாம், கையெடுத்துக் கும்புடறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பொதுக்கூட்டத்துல விதித் திருத்தம் முதல்ல வருமா, எலக்ஷன் முதல்ல வருமா?"

"வழக்கமாகத் திருத்தம் முதலில். அதைப் பழைய தலைவர் நடத்துவார். தேர்தல் கடைசியில்."

"எலக்ஷன் ஆனதும் மீதிக் கூட்டத்தை யாரு நடத்தறது?"

"புதுத் தலைவர். அந்த நிமிஷத்திலிருந்தே."

"அச்சா. போட்டோக்காரர் எப்ப வராரு?"

இந்த அம்மாளுக்குப் போட்டோதான் கவலையா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தேன். காகிதம் வாங்கவில்லை.

அதற்குள் நிர்வாகக் குழுவில் வேறொரு சிக்கல் முளைத்திருந்தது. எங்கள் சங்கத்தில் புதுத் தலைவருக்குப் பழைய தலைவர் தம் கையால் மாலை போட வேண்டும். விதியில் கிடையாது, வழக்கம். மாலை விழுந்தால்தான் தலைவர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விதி விளக்கம் கேட்டு என்னையும் கூப்பிட்டிருந்ததால் அந்தக் கூட்டத்தைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

பெரியவர் உறுதியாக மறுத்தார். "அடுத்தவன் பொண்டாட்டி கழுத்துல நான் எப்படிப்பா மாலை போடறது? இந்த வயசுல என் வீட்டுக்காரி என்னைத் துரத்தறதுக்கா?"

"கையில குடுத்துருவோமே" என்றார் ஒருவர்.

"கையில குடுத்தா அது பூ வியாபாரம்."

பெண்கள் யாராவது போடலாமே என்றேன். பழைய தலைவர் பெண் அல்லவே என்று பதில் வந்தது. மாலையே வேண்டாம், விதியில் இல்லை என்றேன்.

"விதியில இல்லாததுதானவே வழக்கம்" என்றார் காரியதரிசி. பிறகு முகம் மலர்ந்தது. "ஒரு வழி இருக்கு. மாலையை அவங்க வீட்டுக்காரர் கழுத்துல போட்டுருவோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். "அதான் சரி", "அதான் முறை" என்றார்கள். மனைவிக்குக் கிடைத்த பதவியைக் கணவன் கழுத்தில் போடுவதை ஒரு குழு ஏகமனதாக நிறைவேற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் குழுவில் இரண்டு பேர் பட்டதாரிகள்.

பொதுக்கூட்டம் கொட்டகைக்கு வெளியே மைதானத்தில் நடந்தது. நிஜாம் ராஜ்ஜியத்தில் நாலு பேர் கூடிப் பேசக் கோட்வாலி, அதாவது போலீஸ் அனுமதி வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். இடது பக்கம் நாற்காலிகளில் ஆண்கள், வலது பக்கம் ஜமக்காளத்தில் பெண்கள். யுத்த காலத்திலேயே புழுங்கலரிசி விஷயமாகப் பெண்கள் நிறையப் பேர் உறுப்பினர் ஆகியிருந்தார்கள்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். தேர்தல் முதலில் இருந்தது, திருத்தம் அதற்குப் பின்னால். பக்கத்திலிருந்த காரியதரிசியிடம் கேட்டேன்.

"டீச்சரம்மாதான் ஞாபகப்படுத்துனாங்க" என்றார் பூரிப்போடு. "இருட்டுறதுக்குள்ள மாலை போட்டாத்தான் போட்டோ நல்லா விழும்னு. அவங்க வீட்டுக்காரருக்கும் ஷிப்ட் இருக்காம். பெண்களுக்கே உரிய கலையுணர்ச்சிவே அது."

போட்டோ எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சுலபமான காரியம் அல்ல.

நான் எழுந்து டீச்சரம்மாவின் பெயரை முன்மொழிந்தேன். மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர் என்னைத் துரோகியைப் போலப் பார்த்தார். காரியதரிசி வழிமொழிந்தார். எதிர்ப்பவர் இருக்கிறார்களா என்று பெரியவர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அடுத்து வருகிற திருத்தம் கையெழுத்தைப் பிடுங்கிவிடும் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆதரவுக் கைகள் எழுந்தன. பெரியவர் மாலையை எடுத்துக்கொண்டுபோய் முன்வரிசையில் அரைத் தூக்கத்தில் இருந்த பாய்லர் மேக்கரின் கழுத்தில் போட்டார்.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒர்க்ஷாப்பில் ஒரு தொழிலாளியின் கழுத்தில் மாலை விழுவது ஒரே ஒரு நாள்தான், ஓய்வு பெறும் நாள்.

"இன்னாபா இது? எனக்கு சர்வீஸ் இன்னும் கீதே! ரிட்டயர் பண்ணிட்டீங்களா?"

"உங்களுக்கில்ல, அது எனக்கு!" என்று டீச்சரம்மா உரக்கச் சொன்னார்.

"உனக்குன்னா என் கழுத்துல இன்னாத்துக்குப் போட்டாங்க?"

அன்றைய கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான். போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் அந்த மனிதர் மாலையைக் கழற்றி, முகர்ந்து பார்த்து, சைக்கிள் ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

டீச்சரம்மா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காரியதரிசி எழுந்து, மென்மை, சுமை, விளக்கு எல்லாம் போட்டு, திருத்தத்தை வாசித்தார்.

"திருத்தத்துக்கு முன்கூட்டி நோட்டீஸ் குடுத்தீங்களா?" என்று கேட்டார் புதுத் தலைவர்.

"அம்மா, தங்கள் கவனத்துக்கு வந்திருக்குமே. பலகையில் என் கட்டுரையின் கடைசிப் பத்தியில் தெளிவாக எழுதியிருக்கிறேன். காலனியே படித்தது. அதுவே நோட்டீஸ்."

"பலகையில குத்தினது எல்லாம் நோட்டீஸா?"

"சந்தேகம் என்ன?"

"அப்ப பக்கத்துல சார் குத்தின மறுப்பும் நோட்டீஸ். அது இந்தத் திருத்தம் வேணாங்குது. அதுக்குக் கீழே கடுகு தாளிக்கறதப் பத்தி ஒரு கவிதை இருக்கு. அதையும் ஓட்டுக்கு விடவா?"

ஜமக்காளத்துப் பக்கம் சிரிப்பு வெடித்தது. டர்னர்கூடச் சிரித்துவிட்டார்.

"மன்னிக்க வேண்டும்" என்றார் காரியதரிசி. "மாலை தங்கள் கழுத்தில் விழவில்லை. இந்தத் தீர்ப்பைச் சொல்லத் தங்களுக்கு..."

"அப்ப நான் தலைவர் இல்லையா? வழிமொழிஞ்சது நீங்கதானே? மாலை விழுந்த ஆள்தான் தலைவர்னா, அவரு பாய்லர் ஷாப்புல இருக்காரு. போய்க் கூட்டிட்டு வாங்க."

காரியதரிசி போட்டோக்காரர் பக்கம் பார்த்தார். அவர் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, மாலை விதியில் இல்லை, கைகள் எழுந்ததுமே பதவி வந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். பிரிவைச் சொல்வதற்குள் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"அதெல்லாம் கெடக்கட்டும் சார். அரிசி ஆபீசுக்கு யாரு போறது, அதச் சொல்லுங்க!"

"நான்தான் போறேன்" என்றார் டீச்சரம்மா. "முறையான நோட்டீஸ் இல்ல. திருத்தம் தள்ளுபடி." தம் பையிலிருந்து ஏற்கெனவே எழுதி வைத்திருந்த உருது தர்காஸ்தை எடுத்து, அந்த மேஜையிலேயே வைத்து, சதர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே ரேஷன் ஆபீசுக்குப் போனார். கூடப் போன பெண்கள் வந்து சொன்னது இது. சதர் சாப் எங்கே என்று அதிகாரி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாராம். "மைச் சதர்" என்றாராம் டீச்சரம்மா, அந்தச் சதர் நானேதான் என்று. அதிகாரி காகிதத்தைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. தேநீர் ஆறும்வரை டீச்சரம்மா பேசினார். கடை ஜன்னலில் இருந்த நோட்டீஸ் கிழிக்கப்பட்டது. ஜன்னல் மூடவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மாதமே பலகையில் காரியதரிசியின் இரண்டாவது கட்டுரை வந்தது. பெண் தலைமையின் வெற்றியைத் தாம் முன்பே அறிவித்ததாகவும், அன்று எதிர்ப்புக் குரல் கிளப்பியவர்களைக் காலம் திருத்தும் என்றும் எழுதியிருந்தார். அதிலும் அரிசி இல்லை. போட்டோவைக் கண்ணாடி போட்டுப் படிப்பகத்தில் மாட்டினார்கள். நடுவில் மாலையோடு பாய்லர் மேக்கர் திகைத்து நிற்பார். ஓரத்தில் பாதி முகம் மறைந்து டீச்சரம்மா. கீழே 'புதிய தலைவர் பதவியேற்பு' என்று காரியதரிசியின் அழகான கையெழுத்து. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் பாய்லர் மேக்கருக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்தார்கள். தலைப்பை மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன். டீச்சரம்மாவே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"விடுங்க சார். போட்டோ பாத்தா அரிசி போடறாங்க?"

அவருக்கு வேலை நடந்தது, போதும். எனக்குப் போதவில்லை.

சில வருஷங்கள் கழித்து நான் ஓய்வு பெற்றபோது சங்கத்தில் பிரிவுபசாரம் வைத்தார்கள். தலைவர் அப்போதும் டீச்சரம்மாதான். ஒரு பெண் எப்படி ஆணுக்கு மாலை போடுவாள் என்று குழு கூடி யோசித்து, அவருக்காக அவர் கணவரே எனக்கு மாலை போட்டார். "இப்ப சரியான கழுத்துல விழுந்துச்சு" என்றார். காரியதரிசி என்னைப் பாராட்டிப் பேசினார். "அன்று பெண் தலைமையை ஆணித்தரமாக எதிர்த்தவர் இவர். ஆயினும் பின்னாளில் மனம் மாறி அதை ஏற்றுக்கொண்ட பெருந்தகை" என்றார். பலத்த கைதட்டல். கடுகுக் கவிதை எழுதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏற்புரையில் பதில் சொல்ல எழுந்தேன். மறுப்புக் கட்டுரையின் முதல் பத்தி எனக்கு இன்றுவரை மனப்பாடம். இரண்டாவது வரிக்கு வரும்போது தலைவர் மேஜை மணியை அடித்தார்.

"சார், உக்காருங்க. சோறு ஆறுது."

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். புழுங்கலரிசிச் சோறு, சுடச்சுட. தலைவர் மணியடித்த பின் உறுப்பினர் பேசக் கூடாது என்பதும் நான் வரைந்த விதிதான். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அன்று பேச முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தலைப்பை மட்டும் படிக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால், இந்த முறை அரிசியைத் தலைப்பிலேயே போட்டுவிட்டேன்.